நாம் விற்ற எழுதுமேசை

நம் ஊர்களில் திருமணம் பேசி முடிக்கும்போது, சீர்வரிசைப் பட்டியலில் கட்டிலுக்கு அடுத்தபடியாகத் தவறாது இடம்பெறுவது பீரோ. சாம்பல் வண்ணமோ பச்சை வண்ணமோ பூசிய இரும்புத் தகட்டுப் பெட்டகத்தையே அப்பெயரால் அழைத்து வருகிறோம். ஆனால் அச்சொல் பிறந்த இடத்தில் அதற்கும் இரும்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பிரெஞ்சு மொழியில் ‘பியூர்’ என்பது முரட்டுக் கம்பளித் துணியின் பெயர். எழுதுவோர் அதனைத் தம் மேசைமீது விரித்துக்கொண்டனர். துணியின் பெயர் நாளடைவில் மேசைக்காயிற்று. பின்னர் மேசை இருந்த அறைக்கும், அதன்பின் அலுவலகத்திற்கும் ஆயிற்று. ஆங்கிலேயரோ சாய்ந்த மூடியும் இழுப்பறைகளும் கொண்ட எழுதுமேசையை அச்சொல்லால் குறித்தனர். நம்மை வந்தடைந்தபோது எழுத்து உதிர்ந்துபோய்ப் பூட்டு மட்டும் எஞ்சிவிட்டது.

இவ்வரலாறு நமக்கு முன்னரே தெரிந்திருந்தால், 2003-ஆம் ஆண்டில் ஒரு பீரோவை வாங்குவதற்காக இன்னொரு பீரோவை விற்றிருக்க மாட்டோம்.

அக்கதையை இப்போது நினைவுகூரக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் பங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் காலமானார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, அவருடைய மூத்த மகன் நம்மை உள்ளறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே தந்தையாரின் எழுதுமேசையும், அதனருகே ஆளுயர அலமாரி ஒன்றும் இருந்தன. இரண்டும் தேக்கு, இரண்டும் பாட்டனார் காலத்தவை. வியாபாரி ஒருவர் இரண்டுக்குமாகப் பதினைந்தாயிரம் ரூபாய் சொல்லியிருந்தார். ஒரு மகன் சென்னையில், மற்றவர் மஸ்கட்டில். இருவர் வீட்டிலும் இடமில்லை. மகள் மட்டும் வாய் திறவாமல் கதவோரம் நின்றார். “என்ன செய்யலாம் சாமி?” என்று கேட்டார் மகன். உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை.

அப்போது நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கடற்கரையோரப் பங்கொன்றில் முதன்முறையாகத் தனிப்பொறுப்பு ஏற்றிருந்தோம். பங்களாவின் முன்னறையில் கருத்துப்போன மேசையொன்று கிடந்தது. நாற்காலியில் அமர்ந்தால் மார்பளவுக்கு எதிரே நிற்கும் சாய்ந்த மூடி. அதன் கீழே இருபுறமும் ஒளிந்திருக்கும் இரு கட்டைகளை வெளியே இழுத்து, மூடியைத் திறந்து அவற்றின்மேல் சாய்த்தால், அதுவே எழுதும் பலகையாகிவிடும். உள்ளே மாடப்புறாக் கூடுகள்போல் பதினொரு சிறு மாடங்களும், நடுவில் கையகல இழுப்பறைகள் இரண்டும் இருந்தன. பலகைக்குக் கீழே மூன்று பெரிய இழுப்பறைகள். மூடியை எழுப்பிப் பூட்டிவிட்டால் பாதி எழுதிய கடிதமும் திறந்த மைக்கூடும் அப்படியே உள்ளே நிற்கும். வந்தவர் கண்ணில் எதுவும் படாது. நமக்கு முன்னிருந்தவர்கள் அனைவரும் அதில் எழுதியிருந்தனர் என்பதற்கு மைக்கறைகளே சாட்சி.

நம் கண்ணுக்கோ அது இடத்தை அடைத்துக்கொண்ட பழஞ்சாமான். பங்குக்கு ஒரு கணிப்பொறி வந்திருந்தது; அதனைச் சாய்ந்த மூடிமேல் வைக்க முடியாது. பதிவேடுகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றும் எண்ணினோம். ஊர் ஊராக வந்து பழைய மரச்சாமான்களை வாங்கும் ஒருவர் ஆயிரத்தெண்ணூறு ரூபாய் கொடுத்து அதனை ஏற்றிச் சென்றார். மேற்கொண்டு பணம் போட்டு, பட்டறையொன்றில் இரும்பு மேசையும் பீரோவும் வாங்கினோம். பங்குப் பேரவையை நாம் கேட்கவில்லை. கோயில்பிள்ளை மட்டும், “பெரியசாமிமார் இருந்த மேசை…” என்று இழுத்தார். நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் சென்றபின் மீனவக் கைம்பெண் ஒருவர் வந்தார். “சாமி, எங்க வீட்டுக்காரர் மனைப் பத்திரத்தைப் பழைய சாமிகிட்ட கொடுத்து வச்சிருந்தாரே, அது அந்த மேசையிலதான இருக்கு?” என்றார்.

அவ்வூரில் அந்நாளில் பெரும்பாலானவை ஓலை வீடுகள். தீயும் புயலும் வந்தால் முதலில் போவது காகிதம். ஆகவே பத்திரம், பள்ளிச் சான்றிதழ், கடன் சீட்டு முதலியவற்றை மக்கள் பங்களாவின் மேசையில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போயினர். அம்மேசை நம்முடையது என்று நாம் எண்ணியிருந்தோம். உண்மையில் அது ஊருடைய பெட்டகம். விற்பதற்கு முன் இழுப்பறைகளைக் காலி செய்து காகிதங்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டிருந்தோம். அதனைக் கவிழ்த்துத் தேடினோம். அவருடைய பத்திரம் மட்டும் இல்லை.

இதற்குக் காரணம் மேசையின் அமைப்பிலேயே இருக்கிறது என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டோம். பழைய இழுப்பறைகளில் பின்பலகை பக்கப் பலகைகளைவிடச் சற்றுத் தாழ்வாக இருப்பதுண்டு. அளவுக்கு மீறித் திணித்து இழுத்து மூடும்போது, மேலேயுள்ள காகிதம் அத்தாழ்வின் வழியே பின்புறம் நழுவி, மேசையின் அடிக்கூட்டில் விழுந்துவிடும். இழுப்பறையை முழுவதும் உருவி எடுத்தாலன்றி அது கண்ணில் படாது. நாம் உருவவில்லை, கையை விட்டுத் துழாவியதோடு சரி.

வியாபாரியை விசாரித்தோம். மேசை காரைக்குடிக்குப் போய்விட்டது என்றார். மறுநாளே பேருந்து ஏறினோம்.

காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவைக் காணாதவர்களுக்கு ஒரு சொல். பழம்பொருள் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்து பொருளீட்டிய காலத்தில், அந்நாட்டுத் தேக்கு கப்பல் கப்பலாக வந்து செட்டிநாட்டு மாளிகைகளின் தூணும் நிலையும் அலமாரியுமாயிற்று. 1942-ஆம் ஆண்டு ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபின் அச்செல்வத்தின் ஊற்று அடைபட்டது. பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு நகரத்தில் குடியேற, பல வீடுகள் இடிந்தன. இடிந்தவை துண்டு துண்டாக அத்தெருவுக்கு வந்தன. மணமகளின் சீதனப் பெட்டி ஒருபுறம், கணக்குப்பிள்ளையின் சாய்வுமேசை மறுபுறம். இச்சாய்வுமேசைக்குக் கால்கள் இரா. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதுவதற்கான சாய்ந்த மூடியுள்ள பெட்டி அது.

மேலைநாட்டு எழுதுமேசையும் தொடக்கத்தில் அவ்வாறே பெட்டியாகத்தான் இருந்தது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514-ஆம் ஆண்டில் செப்புத் தகட்டில் செதுக்கிய புனித எரோணிமுசின் படத்தை நம்மில் சிலர் கண்டிருக்கலாம். முன்னே சிங்கமும் நாயும் உறங்க, உள்ளே முதியவர் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் எழுதுவது மேசையின்மேல் அன்று. மேசையின்மேல் வைத்த சிறிய சாய்வுப்பெட்டியின்மேல். அப்பெட்டிக்குக் கால்களும் இழுப்பறைகளும் சேர்த்ததே பிற்கால எழுதுமேசை. பதினைந்தாம் லூயி மன்னருக்காக 1760-இல் தொடங்கி, முதல் தச்சர் ஒபென் இறந்துபோக, ரீசனர் என்பவரால் 1769-இல் முடிக்கப்பட்ட மேசை வெர்சாய் அரண்மனையில் உள்ளது. சாவியை ஒரு கால்வட்டம் திருப்பினால் மேசை முழுவதும் பூட்டிக்கொள்ளும். மன்னருக்கும் மறைக்கவேண்டிய கடிதங்கள் இருந்தன போலும்!

நம் நாட்டுத் தச்சரும் இக்கலையில் பின்தங்கியவரல்லர். பதினெட்டாம் நூற்றாண்டில் விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள் ஆங்கிலேயரின் எழுதுமேசைகளையும் சிறு பெட்டகங்களையும் தந்தத்தால் இழைத்து, அதில் கோடு கீறிக் கருப்பு அரக்கை நிரப்பினர். அவற்றை இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் காணலாம். அதற்கும் முன்னே கோவாவில் போர்த்துக்கீசியருக்காகப் பல இழுப்பறைப் பெட்டகங்கள் உருவாயின. அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொற்களைப் பாருங்கள்: மேசை, அலமாரி, சாவி. மூன்றும் இலத்தீனின் பேரப்பிள்ளைகள். குருமடத்தில் ‘மென்சா’, ‘கிளாவிஸ்’ என்று உருப்போட்டபோது, அவை நம் வீட்டு மேசையும் சாவியுமே என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. ‘அர்மாரியும்’ என்பது முதலில் படைக்கலமும் கருவிகளும் வைக்கும் இடம். துறவு மடங்களில் அதுவே நூல் வைக்கும் பேழையாயிற்று. நூலகப் பொறுப்பாளரை ‘அர்மாரியுஸ்’, அதாவது அலமாரிக்காரர் என்றே அழைத்தனர்.

காரைக்குடிக்குத் திரும்புவோம். கடைக்காரர் நம்மைப் பின்புறக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். நம் மேசை அங்கே இருந்தது. நமக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. கருமை நீங்கித் தேனின் நிறம் வந்திருந்தது. இழுப்பறைகள் எல்லாம் வெளியே அடுக்கப்பட்டிருந்தன. எழுபது வயது மதிக்கத்தக்க ஆசாரி ஒருவர் அதன்முன் அமர்ந்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுப்பொதியால் தேய்த்துக்கொண்டிருந்தார். நாம் வந்த காரணத்தைச் சொன்னதும், எழுந்துபோய் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியைக் கொண்டுவந்தார். “மரத்துக்குள்ள கிடந்த காகிதத்தை எறியக் கூடாதுங்க சாமி. யாரு தேடுறாங்களோ!” என்றார். பெட்டியில் எத்தனையோ வீட்டாரின் காகிதங்கள். அவற்றுள் மடிப்பு கிழிந்த நிலையில் அந்தப் பத்திரமும் இருந்தது.

அன்று பிற்பகல் முழுவதும் அவருடன் கழித்தோம். பழையது எது, பழையதுபோல் செய்தது எது என்று கண்டறிய அவர் கற்பித்தவற்றை இங்கே எழுதுவது வாசகர்களுக்குப் பயன்படும்.

முகப்பைப் பார்த்து மயங்காமல் இழுப்பறையை உருவிக் கவிழ்க்க வேண்டும். மூலைகளில் இரு பலகைகளும் புறாவின் வால்போல் விரிந்த பற்களால் கோத்திருக்கும். கையால் அறுத்தவையாயின் ஒரு பல் அகலமாகவும் ஒரு பல் குறுகலாகவும் இருக்கும். எந்திரம் அறுத்தவையாயின் எல்லாம் ஒரே அளவு. அடிப்பலகையை விரல்நுனியால் தடவினால் இழைப்புளி ஓடிய மெல்லிய அலைகள் தட்டுப்படும். திருகாணி நுனி மொட்டையாக இருந்தால் பெரிதும் பழையது. கூர்நுனித் திருகாணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே பெருவழக்காயிற்று. மரம் நாளாக ஆகக் குறுக்குவாட்டில் சுருங்கும், நெடுக்கில் சுருங்காது. எனவே பழைய வட்டமேசையை நூல்பிடித்து அளந்தால் முழுவட்டமாக இராது.

எல்லாவற்றிலும் மேலாக, தேய்மானத்தைப் பார்க்கச் சொன்னார். உண்மையான மேசை கைபட்ட இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கும்: மூடியின் விளிம்பில் மணிக்கட்டு படிந்த இடம், இழுப்பறை உராயும் அடிச்சட்டம், சாவித்துளையைச் சுற்றிய பித்தளைத் தகடு. பழையதுபோல் செய்பவன் சங்கிலியால் அடித்தும் அமிலம் பூசியும் எல்லா இடத்தையும் ஒன்றுபோலத் தேய்த்துவிடுவான். “பொய்க்குப் பொறுமை கிடையாது சாமி,” என்று சிரித்தார்.

சட்டமும் அங்கேதான் தெரியவந்தது. 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த கலைப் பழம்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது; அவற்றை விற்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். எனவே “வெளிநாட்டுக்காரர் பெருந்தொகை தருவார்” என்று ஆசை காட்டும் தரகரிடம் நம் குடும்பங்கள் எச்சரிக்கையாக இருத்தல் நன்று.

மேசையின் விலையைக் கேட்டோம். பதினாலாயிரம் என்றார் கடைக்காரர். குறைத்துச் சொன்னாலும் நம்மிடம் அத்தொகை ஏது? ஆசாரியின் கூலியும் அரக்கும் அதில் சேர்ந்திருந்தன. அவரைக் குறைகூற வழியில்லை. பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அந்த அம்மாள் பத்திரத்தை வாங்கினார். கணவரின் கையெழுத்து இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மடித்து நம்மிடமே நீட்டினார். “நீங்களே வச்சிருங்க சாமி.”

புதிய பீரோவில் வைத்தோம். வேறெங்கு வைப்பது?

ஐந்து ஆண்டுகளில் அப்பீரோவின் அடித்தட்டு செதில் செதிலாக உதிரத் தொடங்கியது. உப்புக்காற்று இரும்பை விடுவதில்லை. அன்றியும், ஈரம் மிகுந்த ஊரில் இரவு குளிரும்போது இரும்புத் தகட்டின் உட்புறம் வியர்க்கும். வியர்வை வழிந்து காகிதத்தின்மேல் இறங்கும். மரமோ ஈரத்தைத் தானே உறிஞ்சி வைத்திருந்து, காற்று உலர்ந்தபின் மெல்ல வெளிவிடும். திருமுழுக்குப் பதிவேடுகளின் ஓரங்களில் பழுப்புக்கறை ஏறியிருப்பதைக் கண்ட அன்றுதான், நாம் பாதுகாப்பு என்று எதனை வாங்கினோம் என்பது விளங்கிற்று. இரும்பின்மேல் குற்றம் சுமத்துவதற்கில்லை. உலர்ந்த ஊர்களில் அது நன்றாகவே உழைக்கிறது. கறையானும் அதை அண்டாது. இடமறியாமல் வாங்கியது நாம். மாற்றலாகிச் செல்லுமுன் பதிவேடுகளைப் பிரித்து உலர்த்தி, வேப்பமரப் பெட்டியொன்றுக்கு மாற்றினோம். பத்திரத்தை அந்த அம்மாளின் மகனிடம் ஒப்படைத்தோம். அதற்குள் அவர் ஓட்டு வீடு கட்டியிருந்தார்.

இவ்வளவையும் அன்று தலைமையாசிரியர் வீட்டில் சொல்லி முடித்தோம். பின்னர் மூவருமாக அமர்ந்து இழுப்பறைகளை ஒவ்வொன்றாக உருவினோம். இம்முறை முழுவதும் உருவினோம். புதையல் ஏதுமில்லை, மாணவர் ஒருவரின் 1981-ஆம் ஆண்டுத் தேர்ச்சி அட்டையும், மின்கட்டண ரசீதுகளும், மருந்துச் சீட்டுகளும் விழுந்து கிடந்தன. தேர்ச்சி அட்டையின் பின்புறம் தந்தையார் பென்சிலால், ‘கட்டணம் நானே செலுத்திவிட்டேன், வீட்டில் சொல்ல வேண்டாம்’ என்று எழுதியிருந்தார். மூத்த மகன் அதை இரண்டு முறை படித்தார். விலையைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

அலமாரியை விற்றுவிடும்படி நாமே சொன்னோம். அதன் அடிப்பகுதி உளுத்துப்போய், கீழே மாவுபோல் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தூள் கண்டால் உள்ளே வண்டு வேலை செய்கிறதென்று பொருள். பக்கத்திலுள்ள நல்ல மரத்துக்கும் அது பரவும். பழையது என்பதற்காக எல்லாவற்றையும் கட்டிக்காக்க வேண்டுமென்று நாம் கருதவில்லை. இடமும் வசதியும் இல்லாத வீட்டில் அது ஒரு சுமையே.

மேசையை மகள் கேட்டார். அதுவரை பேசாதிருந்தவர், “எனக்குக் கொடுங்கண்ணே, நான் வச்சுக்கிறேன்,” என்றார். அவர் வீட்டு வாசற்படி குறுகல் என்று தம்பி தயங்கினார். உள்ளூர் ஆசாரியை அழைத்தோம். அவர் மேற்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் தனித்தனியே கழற்றி, ஒவ்வொரு இழுப்பறைக்கும் சுண்ணக்கட்டியால் எண்ணிட்டார். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது; கையால் செய்தவற்றுக்கு அது இயல்பு.

போகுமுன் சிலவற்றைச் சொல்லியனுப்பினோம். சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைக்கவேண்டும். சுவரின் ஈரமும் கறையானும் அவ்விடைவெளியில் தெரிந்துவிடும். ஈரத்துணியால் துடைக்கலாகாது, உலர்ந்த மெல்லிய துணி போதும். எனாமல் வண்ணத்தை மட்டும் கனவிலும் பூசக்கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மைக்கறையை அகற்றவும் கூடாது. பளபளப்பு மங்கியிருந்தால், மறைவான மூலையில் ஒரு துளி ஸ்பிரிட் வைத்துப் பார்க்கவேண்டும். இளகி ஒட்டினால் அது பழைய அரக்குப் பூச்சு, அதற்கு அரக்கே மருந்து.

ஐப்பசி மழையில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. இரண்டாம் இழுப்பறை இறுகிக்கொண்டு வரமறுக்கிறதாம். மகனின் பள்ளிக் கட்டணச் சீட்டு உள்ளே அகப்பட்டிருக்கிறதாம். ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிடலாமா என்று கேட்டார். இழைக்க வேண்டாம், மழை நின்றால் மரமே வழிவிடும், அதுவரை அடிச்சட்டத்தில் மெழுகு தேய்த்தால் போதும் என்றோம். மெழுகுத்திரிக் கட்டைகளுக்கு நம் பங்களாவில் என்றுமே பஞ்சமில்லை. கோயில்பிள்ளையிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.